ஒலி எஞ்சும், மொழி எஞ்சுமா?

(தனித்தமிழ் அன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வழங்கும் மொழிக்கு இலக்கணம் எழுதுவார் உண்டு. வழக்கிறந்த மொழிக்கு இலக்கணம் எழுதுவாரும் உண்டு. ஆயின், எந்தத் தாயும் தாலாட்டில் பாடாத, எந்தச் சந்தையிலும் விலை பேசாத, எக்காலத்தும் எந்நாட்டும் பிறவாத ஒரு மொழிக்கு, நடவாத ஒரு வரலாற்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, எழுத்து முதல் தொடர் ஈறாக ஒருவர் இலக்கணம் வகுத்தார் என்றால் அதனை என்னென்பது! வேலையற்றவன் செய்த வீண்வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கற்க. அவ்விலக்கணத்தை ஊன்றி நோக்கினால், மொழியிழந்த மக்களின் முகம் எத்தகையது என்பது அதில் தெளிவாகத் தெரியும். தமிழர் பார்க்கவேண்டிய முகம் அது.

நடவாத வரலாறு

நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்டுரூ சுமித்து என்பார் 1996-ஆம் ஆண்டில் 'பிரித்தெனிக்' என்னும் புனைமொழி ஒன்றைப் படைத்தார். அம்மொழிக்கு வித்திட்டது ஒரே ஒரு வினா. பிரித்தானியத் தீவில் உரோமரின் இலத்தீன், அத்தீவின் பழங்குடி மொழியாகிய கெல்டிய மொழியை அடியோடு அகற்றிவிட்டிருந்தால், இன்று அங்கே என்ன மொழி வழங்கும்? இதுவே அவ்வினா.

இவ்வினாவின் ஆழம் விளங்க, நடந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். உரோமப் பேரரசன் கிளாடியசின் படைகள் கி.பி. 43-இல் அத்தீவினுள் புகுந்தன. கி.பி. 410-ஐ ஒட்டி உரோமர் ஆட்சி அங்கே முடிவுற்றது. ஏறத்தாழ 370 ஆண்டுகள் படைவீட்டிலும் நகரிலும் அரசு அலுவலிலும் இலத்தீனே கோலோச்சியது. ஆயினும் மலைநாட்டாரும் உழவரும் தம் தாய்மொழியைக் கைவிட்டிலர். அம்மொழியின் வழிவந்ததே இன்றைய வேல்சு மொழி.

கடலுக்கு அப்பால் கௌல் நாட்டில், அஃதாவது இன்றைய பிரான்சில், நடந்தது வேறு. கி.மு. 58 முதல் கி.மு. 50 வரை சீசர் நடத்திய போரால் அந்நாடு உரோமர் வயப்பட்டது. அங்கும் வழங்கியது கெல்டிய மொழிதான். ஆயின் பதவியும் வாணிகமும் பெருமையும் இலத்தீன் அறிந்தார்க்கே வாய்த்தமையால் செல்வர் முதலில் மாறினர். நகரத்தார் அவர்களைப் பின்பற்றினர். நாட்டுப்புறத்தார் இறுதியில் மாறினர். சில நூற்றாண்டுகளில் கௌல் மொழி மாய்ந்தது. இன்றைய பிரெஞ்சு மொழியில் அதன் எச்சமாக நிற்பன மிகச் சில சொற்களே. கலப்பை, கருவாலி மரம், வானம்பாடி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அத்தகையன. அரண்மனையிலும் மன்றத்திலும் அழிந்துபட்ட மொழி, ஏரடியிலும் மரத்தடியிலும் பறவையின் பெயரிலும் ஒளிந்துகொண்டு உயிர்விட்டது!

கௌலில் நடந்தது பிரித்தானியத்திலும் நடந்திருந்தால்? அதுவே பிரித்தெனிக் மொழியின் கருப்பொருள். சுமித்து மொழியோடு நின்றாரல்லர். அம்மொழி வழங்கும் உலகையும் புனைந்தார். அவ்வுலகில் வேல்சு நாட்டின் நிலையில் நிற்பது 'கெம்ரு' என்னும் நாடு. பின்னர்ப் பல நாட்டு ஆர்வலரும் இணைந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டையும் மொழியையும் ஏற்று, அப்புனைவுலகை விரிவாக்கினர். அவ்வுலகிற்கு 'இல் பெத்திசாத்து' என்பது பெயர். பிரித்தெனிக் மொழியில் அதற்கு 'அனைத்துலகு' என்று பொருள். வேல்சு மொழியில் அனைத்துலகைக் குறிக்கும் 'பிடிசாவ்டு' என்னும் சொல்லை அடியொற்றியது அப்பெயர். அவ் வேல்சுச் சொல்லோ 'திருமுழுக்குப் பெற்றது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது. உலகைக் குறிக்க வேல்சு மொழிக்கு 'பீடு' என்னும் தன் சொந்தச் சொல் இருக்கவும், அனைத்துலகைக் குறிக்க அயற்சொல் ஒன்று வந்தமர்ந்த செய்தியை ஈண்டு நினைவிற் கொள்க.

இலக்கணத்தின் அமைப்பு

இனி அவ்விலக்கணத்தின் உள்ளே புகுவோர் காண்பது யாது?

சொற்கள் அனைத்தும், சிறுபான்மை ஒழிய, இலத்தீன் வழி வந்தவை. தந்தை, அப்பம், பெயர், நிலம், வானம் என்னும் இவற்றைக் குறிக்கும் சொற்களும், 'எம்', 'உன்' என்னும் பெயர்களும், வினைகளும், உருபுகளும் எல்லாம் இலத்தீனே. இவ்வகையில் பிரித்தெனிக், பிரெஞ்சு மொழிக்கும் இசுபானிய மொழிக்கும் இத்தாலிய மொழிக்கும் உடன்பிறப்பு.

ஆயின் அச்சொற்கள் ஒலிக்கும் முறை முற்றிலும் வேல்சு முறை. என்னை? வேல்சு மக்களின் முன்னோர் வாயில் பழைய கெல்டியச் சொற்கள் எந்தெந்த நெறிப்படி திரிந்து இன்றைய வேல்சுச் சொற்களாயினவோ, அந்நெறிகளை ஒவ்வொன்றாக எடுத்து இலத்தீன் சொற்களின்மேல் செலுத்திப் பார்த்தார் சுமித்து. சொல்லின் கடைசி அசை தேய்ந்து மறைந்தது. உயிர்களுக்கு இடைப்பட்ட வல்லெழுத்து மெலிந்தது. சொல்முதல் லகரம், நாவின் ஓரத்தே காற்றுச் சீறும் லகரமாயிற்று. இலத்தீனின் சொல்முதல் வகரம் ககரமும் வகரமும் கூடிய 'குவ' என்னும் ஒலியாயிற்று. இலத்தீனில் திராட்சைத் தேறலைக் குறிக்கும் சொல் வேல்சில் 'குவின்' என்று ஆனதும் இந்நெறியாலேயே.

இந்நெறிகள் வெறும் புனைவல்ல என்பதற்கு வேல்சு மொழியே சான்று. உரோமர் காலத்தில் அம்மொழி சில நூறு இலத்தீன் சொற்களை ஏற்றுக்கொண்டது. பாலம், கோயில், பள்ளி, நூல், பலகணி, மீன் ஆகியவற்றின் வேல்சுப் பெயர்கள் இலத்தீன் வழியினவே. 'இலிபெர்' என்னும் இலத்தீன் சொல் வேல்சில் 'லிவ்ர்' என்று திரிந்து நூலைக் குறிக்கின்றது. முதல் லகரம் சீறும் லகரமாயிற்று, இடை நின்ற பகரம் வகரமாக மெலிந்தது. அதே இரு திரிபுகளும் பிரித்தெனிக்கில் 'விடுவி' என்னும் பொருளுடைய சொல்லில் அவ்வாறே அமைந்துள்ளன. உண்மை மொழி காட்டிய வழியிலேயே புனைமொழி நடந்திருக்கின்றது.

எல்லாவற்றினும் வியத்தற்குரியது முதலெழுத்துத் திரிபு. தமிழில் புணர்ச்சியிலக்கணம் கற்றார்க்கு இது எளிதில் விளங்கும். தமிழில் 'தலை' என்னும் சொல்லின் தகரம் ஒருவகையாகவும், 'பந்து' என்னும் சொல்லின் தகரம் வேறுவகையாகவும் ஒலிக்கின்றன. முன்னது வல்லென்று நிற்கும்; பின்னது மெலிந்து ஒலிக்கும். தமிழ் நாவுக்கு அஃது இயல்பு. எனவே ஓரெழுத்தே இரண்டிற்கும் போதுமாயிற்று. வேல்சு மொழியோ அவ்வேறுபாட்டை எழுத்திலும் காட்டி, அதனைக்கொண்டு இலக்கணப் பொருளையும் உணர்த்துகின்றது.

'பென்' என்பது வேல்சில் தலையைக் குறிக்கும். 'அவன்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் உரிய உடைமைச் சொல் அம்மொழியில் ஒன்றே. எனின், அவன் தலை எது, அவள் தலை எது என்று எங்ஙனம் அறிவது? அவன் தலையாயின் பகரம், 'அம்பு' என்னும் சொல்லின் பகரம்போல் மெலியும். அவள் தலையாயின் உதடும் பல்லும் உரசும் ஒலியாக மாறும். என் தலையாயின் மகரமாகும். முதலெழுத்து ஒன்றே உடையவரை உணர்த்திவிடுகின்றது! 'வேலை கொடுத்தான்' என்பதற்கும் 'வேலைக் கொடுத்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு ககர மெய்யால் உணர்த்தும் தமிழர்க்கு இவ்வருமை சொல்லாமலே புரியும்.

இத்திரிபு எங்ஙனம் தோன்றியது? பழங்காலத்தே முன்சொல் உயிரொலியில் முடிந்தபோது, பின்சொல்லின் முதல் வல்லெழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டு மெலிந்தது. பின்னர் முன்சொல்லின் ஈற்றுயிர் தேய்ந்து மறைந்தது. மெலிவு மட்டும் நின்றுவிட்டது. அடித்தவன் போய்விட்டான், தழும்பு நிற்கின்றது!

சுமித்து இந்நெறியை இலத்தீன் சொற்களின்மேல் எத்துணைச் செப்பமாகச் செலுத்துகின்றார் என்பதை ஓர் இணையால் அறியலாம். பிரித்தெனிக்கில் பெயருக்கு முன் வரும் சுட்டு மூன்று: ஆண்பால் ஒருமைக்கு 'இல்', பெண்பால் ஒருமைக்கு 'லா', பன்மைக்கு 'லோ'. காலத்தைக் குறிக்கும் 'தெம்ப்' என்பது ஆண்பால். 'இல் தெம்ப்' என வரும்போது அதன் தகரம், 'தலை' என்பதன் தகரம்போல் வல்லென்றே நிற்கும். நிலத்தைக் குறிக்கும் 'தெர்' என்பது பெண்பால். 'லா தெர்' என வரும்போது அதன் தகரம், 'பந்து' என்பதன் தகரமாக மெலிந்துவிடும். என்ன கரணியம்? 'இல்' மெய்யில் முடிவது. 'லா' உயிரில் முடிவது. வேல்சிலும் பெண்பால் ஒருமைப் பெயர் சுட்டின் பின் இவ்வாறே மெலியும். வேல்சில் 'உம்' என்னும் பொருளுடைய இடைச்சொல்லின் பின் பகரம் உரசொலியாகும். பிரித்தெனிக்கிலும் அப்பொருளுடைய இலத்தீன் இடைச்சொல்லின் பின் அவ்வாறே ஆகும். இத்துணை நுட்பம்! ஒரு நெறிக்கும் மறுநெறிக்கும் முரண் வாராமல், மொழி நூலறிவோடு கட்டப்பட்ட இலக்கணம் அது.

ஒரே வித்து, வேறு நிலம்

இம்முறையின் உறுதியை மற்றொரு புனைமொழியும் காட்டும். நெதர்லாந்து நாட்டு மொழிபெயர்ப்பாளர் யான் வான் சுட்டீன்பெர்கன் என்பார் 2002-ஆம் ஆண்டில் 'வெனெதிக்' என்னும் மொழியைப் படைத்தார். இலத்தீன் போலந்து நாட்டில் வேரூன்றியிருந்தால் என்னாகும் என்பது அவர் வினா. போலந்து மொழியில் நிகழ்ந்த ஒலிமாற்றங்களை அவர் மக்கள் வழக்கு இலத்தீன்மேல் செலுத்தினார். அவர் புனைவும் அதே அனைத்துலகப் புனைவில் இடம்பெற்றது.

இலத்தீன் என்னும் ஒரே வித்து; வேல்சுக் காது ஒரு மொழியைத் தந்தது, போலந்துக் காது வேறொரு மொழியைத் தந்தது. ஒன்றைக் கேட்டால் வேல்சுக்காரர் பேசுவது போலிருக்கும். மற்றொன்றைக் கேட்டால் போலந்துக்காரர் பேசுவது போலிருக்கும். கேட்டவுடன் 'இஃது எங்கள் மொழிபோல் இருக்கின்றதே' என்று அவ்வம் மக்கள் மயங்குவர். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலோ தம் முன்னோர் சொல் ஒன்றும் இராது!

அன்பர்களே! இங்கேதான் உற்றுநோக்க வேண்டும்.

இலக்கணம் சொல்லாமற் சொல்வது

பிரித்தெனிக் இலக்கணத்தில் வேல்சு மக்களுக்குரியது எது? ஒலி மட்டுமே. மெலியும் வல்லெழுத்து அவர்களது. சீறும் லகரம் அவர்களது. முதலெழுத்தின் திரிபு அவர்களது. தாய் என்று அழைக்கும் சொல் அவர்களதன்று. ஒன்று இரண்டு என்று எண்ணும் எண் அவர்களதன்று. 'நான்' என்னும் தன்மைப் பெயரே அவர்களதன்று! மொழியை முற்றக் கொடுத்துவிட்ட மக்களிடத்தில் எஞ்சுவது பலுக்கும் முறை ஒன்றே. அந்த எச்சத்தையே ஓர் இலக்கணமாக எழுதிக் காட்டிவிட்டார் சுமித்து. அவர் கருதிச் செய்ததோ கருதாது செய்ததோ, அவ்விலக்கணம் தோற்ற மொழியொன்றின் கல்லறைக் கல்வெட்டு.

இதனை நோக்கின், தொல்காப்பியர் வகுத்த காவலின் அருமையும் விளங்கும். அதன் எல்லையும் விளங்கும். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று அவர் வரம்பு கட்டினார். அவ்வரம்பு தமிழின் ஒலியைக் காத்தது. ஆயின் ஒலிக்காவல் மட்டுமே மொழிக்காவல் ஆகிவிடாது. ஒலி முழுவதும் காக்கப்பட்டும் சொல் முழுவதும் போய்விட்ட மொழி எப்படியிருக்கும் என்பதற்குப் பிரித்தெனிக்கே எடுத்துக்காட்டு. அயற்சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை தைத்துப் போட்டுவிட்டால் அது தமிழ்ச்சொல் ஆகிவிடும் என்று எண்ணுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நடந்தது யாது?

புனைவில் தோற்ற வேல்சு மொழி, உண்மையில் என்னாயிற்று? அவ்வரலாறு புனைவினும் உருக்கமானது.

உரோமரை வென்று நின்ற அம்மொழிக்கு ஆங்கிலம் கூற்றாய் வந்தது. 1536-ஆம் ஆண்டின் சட்டம், வேல்சு நாட்டு வழக்குமன்றங்களில் ஆங்கிலமே வழங்கவேண்டும் என்றும், வேல்சு மொழி வழங்குவார்க்கு அரசுப் பதவி இல்லை என்றும் வரையறுத்தது. 1847-இல் வெளிவந்த அரசுக் கல்வியறிக்கை, வேல்சு மொழியே அம்மக்களின் தாழ்வுக்குக் கரணியம் என்று பழி சுமத்தியது. அவ்வறிக்கை எழுதிய ஆணையர் மூவரும் அம்மொழி அறியாதவர்! 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியிற் பேசிய சிறுவன் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டனர். அவன் வேறொரு சிறுவன் தாய்மொழி பேசக் கேட்டால் அத்துண்டு அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் அது யார் கழுத்தில் இருக்கின்றதோ அவனுக்கு அடி. தாய்மொழி பேசுவது குற்றம் என்பதைக் காட்டிலும் கொடிது, தோழனைக் காட்டிக்கொடுக்கப் பழக்கியது!

1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அந்நாட்டாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்சு மொழி அறிந்திருந்தனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 17.8 விழுக்காடு, ஏறத்தாழ 5,38,000 பேர். உரோமப் பேரரசின் 370 ஆண்டுகள் செய்யாததைப் பள்ளியும் அலுவலகமும் நூற்றிருபது ஆண்டுகளில் செய்துமுடிக்க முனைந்தன. அதன் உடன்பிறந்த கார்னிய மொழியோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வழக்கிறந்தது. பின்னர் ஆர்வலர் அதனை நூலினின்று மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

எனினும் வேல்சு மக்கள் கைகட்டி நின்றிலர். 1588-இல் வில்லியம் மார்கன் முழு விவிலியத்தையும் வேல்சு மொழியில் ஆக்கித் தந்து, அதற்கு ஓர் உரைநடைத் தரத்தை நிறுவினார். 1962-இல் சாண்டர்சு லூயிசு என்னும் எழுத்தாளர் 'மொழியின் ஊழ்' என்னும் பொருளில் வானொலியில் உரையாற்றினார். அரசு அலுவலும் உள்ளாட்சியும் வேல்சு மொழியின்றி நடவாதபடி செய்தாலன்றி அம்மொழி வாழாது என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வாண்டே இளைஞர் மொழிக்கழகம் கண்டனர், ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட வழிகாட்டிப் பலகைகளை மைபூசி மறைத்தனர், சிறை புகுந்தனர். 1980-இல், வேல்சுத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன சொல்லை அரசு மீறியபோது, சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என்று அறிவித்தார் குவின்வோர் எவன்சு என்னும் தலைவர். அரசு பணிந்தது. 1982-இல் வேல்சுத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2011-இல் வேல்சு மொழி தன் நாட்டில் ஆட்சிமொழித் தகுதியைச் சட்டப்படி பெற்றது.

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தாரையும் குண்டடிபட்டாரையும் நினைவில் ஏந்திய தமிழர்க்கு இப்போராட்டம் அயலார் செய்தி ஆகாது.

இழப்பின் படிகள்

இவ்விடத்தில் ஒரு தடை எழும். "வேல்சு மொழியே சில நூறு இலத்தீன் சொற்களை ஏற்றதன்றோ? நூலுக்கும் பள்ளிக்கும் மீனுக்கும் அயற்சொல் வழங்கியும் அது வாழவில்லையா? எனின், தனித்தமிழ் என்று ஏன் இத்துணை ஆரவாரம்?" என்பதே அத்தடை. தடை நேரியது, விடையும் நேரியதாதல் வேண்டும்.

கடன்சொல் ஒன்றிரண்டால் மட்டும் ஒரு மொழி மாய்ந்துவிடாது என்பது உண்மை. வேல்சு மொழியில் எண்ணுப்பெயர் தன்னுடையது, மூவிடப்பெயர் தன்னுடையது, வினைச்சொற்களிற் பெரும்பாலன தன்னுடையன. வந்த சொல் விருந்தாய் வந்தது. வீட்டுக்காரன் வீட்டுக்காரனாகவே இருந்தான். அதனினும் பெரிது, தன் வேரினின்று புதுச்சொல் ஆக்கும் பழக்கம் அம்மொழியில் நின்றுவிடவில்லை. மின்னாற்றலுக்குத் 'தீ' என்னும் பொருளுடைய தன் சொல்லினின்று பெயர் படைத்துக்கொண்டது. கணிப்பொறிக்குக் 'கணக்கிடுதல்' என்னும் பொருளுடைய தன் சொல்லினின்றே பெயர் படைத்துக்கொண்டது. தமிழர் 'கணினி' என்று ஆக்கியதும் அந்நெறியிலன்றோ? எனவே அளவுகோல் அயற்சொற்களின் எண்ணிக்கை மட்டுமன்று. புதுப்பொருள் வந்தவுடன் மக்கள் தம் வேரை நோக்கித் திரும்புகின்றனரா, பிறர் வாயை நோக்கித் திரும்புகின்றனரா என்பதே அளவுகோல்.

அவ்வளவுகோலால் இற்றைத் தமிழகத்தை அளந்து பார்க்க. இழப்புக்குப் படிகள் உண்டு. புதுப்பொருளின் பெயர் அயற்சொல்லாவது முதற்படி. தன்மொழியிற் பெயருள்ள பழம்பொருளும் அயற்பெயர் பெறுவது இரண்டாம் படி. சோறும் தண்ணீரும் நிறங்களும் கிழமைகளும் ஆங்கிலப் பெயரால் வழங்குவது அப்படி. வினைச்சொல் போவது மூன்றாம் படி. 'காத்திரு' என்னும் வினை இருக்க 'வெயிட் பண்ணு' என்பர். 'முயன்றான்' என்னாது 'டிரை பண்ணினான்' என்பர். 'வெட்டினான்' என்னாது 'கட் பண்ணினான்' என்பர். ஆங்கிலச் சொல்லின் பின்னே 'பண்ணு' என்னும் ஒற்றை வினை வண்டிமாடுபோல் நாள் முழுதும் சுமை இழுக்கின்றது! எண்ணுப்பெயர் போவது நான்காம் படி. தொலைபேசி எண்ணைத் தமிழில் சொல்லத் தடுமாறும் இளைஞர் எத்துணைப் பேர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டிலேயே ஆய்ந்தறியலாம். மூவிடப்பெயரும் உருபும் போவது ஐந்தாம் படி. அதன்பின் எஞ்சுவது ஒலி. அதுவே பிரித்தெனிக் நிற்கும் படி.

இப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. ஒரு தலைமுறையே மொழியை ஒருசேரக் கைவிட்டு, அடுத்த தலைமுறையைப் பிறமொழியில் வளர்ப்பதும் உண்டு. கௌலில் குடும்பந்தோறும் நேர்ந்தது அதுவே. அங்கே இலத்தீனைக் கற்பித்த தாய், தன் மொழியைக் கொல்வதாக எண்ணியிருக்கமாட்டாள். தன் பிள்ளைக்கு நல்வாழ்வு தேடுவதாகவே எண்ணியிருப்பாள். இன்று தன் குழந்தை 'அம்மா' என்பதை விட்டு 'மம்மி' என்று அழைக்கப் பூரிக்கும் தாயும் அவ்வாறே எண்ணுகின்றாள். அவளை இகழ்தல் வேண்டா. அவளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். அக்குழந்தை பேசும் ஆங்கிலத்தில் தமிழின் ஒலி சில தலைமுறைக்கு எஞ்சும். ஆனால் அதற்குத் தமிழ் என்று பெயரில்லை.

புனைந்தவரும் புனைய வேண்டாதவரும்

பிரித்தெனிக், 'தோற்றிருந்தால் என்னாகும்?' என்று வினவியது. அதற்கு மறுதலையான வினாவை ஆங்கிலேயர் சிலர் தம் மொழிபற்றி வினவினர். 1066-ஆம் ஆண்டு ஏசுட்டிங்சுப் போரில் நார்மானியர் ஆங்கில மன்னன் எரால்டை வென்றனர். அதன்பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் வெள்ளமெனப் புகுந்தன. இன்று ஆங்கில அகரமுதலியில் பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் பிரெஞ்சு, இலத்தீன் வழியின. தோலாதிருந்தால் ஆங்கிலம் எப்படியிருக்கும்? 1966-இல், அப்போரின் தொள்ளாயிரமாம் ஆண்டில், பால் சென்னிங்சு என்பார் நகைச்சுவை இதழொன்றில் அத்தகைய தூய ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். அவருக்கும் முன்னே, தார்செட்டுப் பகுதியைச் சேர்ந்த வில்லியம் பார்ன்சு (1801–1886) என்னும் பாவலர், விளையாட்டாகவன்றி உண்மையாகவே அப்பணியை மேற்கொண்டார். இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல்லை விலக்கிப் 'பேச்சுத்திறம்' என்று பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லை ஆக்கி, 1878-இல் அப்பெயராலேயே ஓர் இலக்கண நூலும் வெளியிட்டார். நாட்டார் அவரை ஒரு வியப்புக்குரிய மனிதராகப் பார்த்தனரேயன்றிப் பின்பற்றினாரல்லர். வேர்கள் பல பட்டுப்போன பின்னர் அவர் நீர் ஊற்றினார்.

தமிழகத்தில் 1916-ஆம் ஆண்டில் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று மாற்றித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார் அடிகளார். தேவநேயப் பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் வேர்ச்சொல் அகழ்ந்தார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பேற்று, 1981-இல் மறையும்வரை அதன்கண்ணே உழைத்தார். அடிகளாரும் பாவாணரும் இல்லாத மொழியைப் புனைந்தாரல்லர். இருக்கும் மொழியைத் தூசு தட்டி எடுத்தனர். ஆங்கிலேயன் 'இருந்திருந்தால்' என்று ஏங்குவதைத் தமிழன் 'இருக்கின்றது' என்று சொல்லலாம். 'அக்கிராசனர்' போய் 'அவைத்தலைவர்' வந்ததும், 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்ததும், 'நமசுகாரம்' போய் 'வணக்கம்' வந்ததும் ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தவை. அவை புனைவல்ல, தெருவில் வழங்கும் உண்மை. ஏளனம் செய்தாரின் பேரப்பிள்ளைகளே இன்று அச்சொற்களை இயல்பாக வழங்குகின்றனர்.

எனவே, பெருமக்களே! புனைமொழிக்கு இலக்கணம் வகுத்தார் உழைப்பைப் பாராட்டுங்கள். ஒலிமாற்றம் ஒவ்வொன்றையும் நெறிப்படுத்திய அவர்தம் செப்பத்தைத் தமிழ்ச் சொல்லாய்வார் கற்றுக்கொள்க. ஆயின் அவ்விலக்கணத்தை மூடி வைக்குமுன் ஒரு வினாவை உள்ளத்தில் எழுப்பிக்கொள்க. பிற்காலத்தே எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் அமர்ந்து, 'தமிழகத்தில் ஆங்கிலம் தமிழை அடியோடு அகற்றியிருந்தால் என்ன மொழி வழங்கியிருக்கும்?' என்று பொழுதுபோக்காகப் புனைந்து பார்ப்பாராயின், அது புனைவாகவே இருத்தல் வேண்டும். அதனைப் புனைவாகவே நிறுத்தும் பொறுப்பு இன்று வாழும் தமிழர் நாவில் இருக்கின்றது.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒன்று செய்க. 'பண்ணு' என்னும் வினையை ஆங்கிலச் சொல்லின் பின்னே கட்டும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, அதற்குரிய தமிழ்வினையை வாய்விட்டுச் சொல்லுக. பிள்ளைகளுக்கு எண்களைத் தமிழில் எண்ணக் கற்பிக்க. மலையளவு பணியின் தினையளவு தொடக்கம் அது. உரோமப் பேரரசையே வென்ற வேல்சு உழவன் செய்ததும் அவ்வளவே: வீட்டில் தன் பிள்ளையிடம் தன் மொழியில் பேசினான்.

வாழ்க தமிழ்!